மொரிஸ் மைனரும் "கராஜுக்குத்தான் போவாய்" என்ற எங்கள் ஏச்சும்



போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். வெளியூர் வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. இறங்கிய இருவரும் எங்களைப் பார்க்கவில்லை. மாமரத்துக்குக் கீழே நிற்கும் எங்கள் மொரிஸ் மைனரைத்தான் பார்த்தார்கள்.

கொழும்பில் பழைய கார்கள் வாங்கிச் சேர்ப்பவர்களாம். யாரோ போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். பொனட்டைத் திறந்தார்கள். கீழே படுத்துப் பார்த்தார்கள். கதவைத் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார்கள். கடைசியில் ஒரு விலை சொன்னார்கள். எங்களுடைய இரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டும் விலை.

வீட்டில் ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. தங்கச்சிக்குக் கட்டும் வீடு கூரை மட்டத்தில் நிற்கிறது. காத்தான்குடியில் பெண்பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

வாப்பா யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். போகும்போது அவர்களில் மூத்தவர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "கார் இருக்கட்டும் சேர். இதுக்கு டிங்கர் வேலை செஞ்சது யாரு? அந்த பாஸை ஒருக்காக் காட்டுங்க."

அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. விடயத்துக்கு வர முன்பு இந்தக் காரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வாப்பா இதை 1986 இல் ஓய்வுபெற்ற அப்போதிக்கரி ஒருவரிடம் வாங்கினார். புடவை வியாபாரம் அப்போது நன்றாக இருந்த காலம். கார் அதற்கு முன்பே முப்பது வயதை நெருங்கியிருந்தது. நம்பர் பலகையில் ஒன்று போட்டு சிங்கள ஸ்ரீ எழுத்து. 1957 ஜனவரியில் அந்த எழுத்தை வாகனப் பலகைகளில் கட்டாயமாக்கியபோது தமிழரசுக் கட்சி எதிர்த்துப் போராடியதும், 1958 இல் அந்த எழுத்துக்குத் தார் பூசப்பட்டதும், பதிலுக்குத் தெற்கில் தமிழ்க் கடைப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டதும் நாம் படித்த வரலாறு. அந்தக் காலத்தின் சாட்சி ஒன்று எங்கள் வளவில் மாமர நிழலில் நிற்கிறது.

எங்கள் தெருவில் இப்போது முப்பது வயது தாண்டியவர்கள் சிலர் இந்தக் காரில்தான் மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிறந்தவர்கள். கல்லடிப் பழைய பாலத்தில், 1924 இல் கட்டிய அந்த இரும்புப் பாலத்தில், எதிரே வாகனம் வந்தால் இந்தப் பக்கம் நின்று காத்திருக்க வேண்டும். 2013 இல் புதிய பாலம் திறக்கும்வரை அதுதான் நிலைமை. பின் சீட்டில் வலியோடு ஒரு தாய், முன்னால் பாலம் காலியாகும்வரை பார்த்துக்கொண்டு நிற்கும் வாப்பா. உம்மா இன்றும் சொல்லுவா, அந்த நேரத்தில் இஞ்சின் நின்றுவிடக் கூடாது என்று ஓதாத நாளில்லை என்று.

சரி, இந்தக் கார் எங்கிருந்து வந்தது?

வில்லியம் மொரிஸ் என்பவர் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்டில் வளர்ந்தவர். பதினைந்து வயதோடு பாடசாலை முடிந்துவிட்டது. 1893 இல், பதினாறு வயதில், நான்கு பவுண் முதலோடு பெற்றோரின் வீட்டுப் பின்புறத்தில் சைக்கிள் திருத்தத் தொடங்கினார். பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு கராஜ். 1913 இல் முதல் கார். பின்னாளில் அவர் நஃபீல்ட் பிரபு ஆனார். பல்கலைக்கழக வாசலை மிதிக்காத அந்த மனிதர் கொடுத்த பணத்தில் 1937 இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் நஃபீல்ட் கல்லூரி உருவானது. அவர் நிறுவிய மன்றம் 1960களில் விஞ்ஞானத்தை மனப்பாடம் செய்யாமல் செய்துபார்த்துக் கற்பிக்கும் திட்டம் ஒன்றை நடத்தியது. கல்வியியல் கல்லூரியில் செயல்வழிக் கற்றல் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதிய எங்களுக்கு, அதற்குப் பணம் கொடுத்தவர்களில் ஒருவர் ஒரு சைக்கிள் பாஸ் என்று அப்போது தெரியாது.

எம்.ஜி. என்ற காரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்போது அது ஒரு சீன நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அந்த இரண்டு எழுத்துக்கும் அர்த்தம் மொரிஸ் கராஜஸ். பெயரிலேயே கராஜ் இருக்கிறது.

மைனரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1906 இல் உஸ்மானிய ஆட்சிக்குட்பட்ட ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில், பிறந்தவர். தந்தை வழியில் கிரேக்கர், தாய் வழியில் ஜேர்மனியர். 1922 இல் யுத்தத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலேறிய குடும்பம். மோல்டாவில் தந்தையை இழந்து, தாயோடு இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். பொறியியல் படித்தபோது கணிதப் பரீட்சையில் மூன்று முறை தவறியவர். ஆனால் கையில் பென்சில் கிடைத்தால் ஒரு காரின் பாகங்களையெல்லாம் கண்முன் கொண்டுவந்து வரைந்துவிடுவார்.

கணிதம் படிப்பிக்கும் எங்களுக்கு இந்த இடம் கொஞ்சம் சுடுகிறது. அதைப் பிறகு சொல்கிறோம்.

மைனர் 1948 இல் வெளிவந்தது. தயாரிப்புக்குப் போகும் நேரத்தில் கார் ஒடுக்கமாக இருப்பதாக இஸிகோனிஸுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, சரியாகத் தெரியும்வரை நகர்த்தி, நான்கு அங்குலம் அகலமாக்கினார். மைனரின் பொனட் நடுவில் மேடாக ஒரு பட்டி ஓடுமே, அது அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். முதலாளி நஃபீல்டுக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. தண்ணீரில் உடைத்து வேகவைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தாராம். அந்த முட்டைதான் 1960 டிசம்பரில் பத்து லட்சம் எண்ணிக்கையைத் தொட்ட முதல் பிரித்தானியக் கார் ஆனது. 1970களின் தொடக்கத்தில் தயாரிப்பு நிற்கும்போது பதினாறு லட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டிருந்தன. இஸிகோனிஸ் 1959 இல் மினி காரையும் கொடுத்தார். மொரிஸ் என்ற பெயரில் கார் வருவது 1984 ஓடு முடிந்தது. ஆனால் மொரிஸ் ஒக்ஸ்போர்ட் என்ற மாதிரி இந்தியாவில் அம்பாசடர் என்ற பெயரில் 2014 வரை உற்பத்தியானது. நாம் இந்தியப் படங்களில் பார்த்து வளர்ந்த அந்தக் கார் எங்கள் மைனருக்குப் பெரியம்மா பிள்ளை மாதிரி.

இவ்வளவும் இங்கிலாந்துக் கதை. இலங்கையில் மைனர் இன்றுவரை ஓடுவதற்குக் காரணம் வேறு.

1960களில் நாட்டில் வெளிநாட்டுச் செலாவணி குறைந்தது. கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரை இன்னும் இறுக்கம். புதுக் கார் வராது. இருப்பதை வைத்துத்தான் ஓட வேண்டும். டொக்டர், அதிபர், அப்போதிக்கரி எல்லோரும் இருந்த மைனரையும் ஒஸ்டினையும் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். திருத்தியவர்கள் யார்? ஊர் ஊராக இருந்த பாஸ்மார்தான். சாமான் இல்லையென்றால் கடைசல் பட்டறையில் கடைந்தார்கள். கதவு உக்கினால் தகரத்தை வெட்டிச் சுத்தியலால் அடித்தே கதவு செய்தார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்து ஜப்பான் கார் வந்த பிறகும் அந்தக் கைவேலை சாகவில்லை.

இதை வெள்ளைக்காரனே கண்டுகொண்டான். இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர் கார்களுக்கென்றே ஒரு நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் என்பவர் 1990களின் தொடக்கத்தில் இலங்கையின் தெற்கில் இங்குள்ள கூட்டாளி ஒருவரோடு சேர்ந்து ஒரு பட்டறை தொடங்கினார். இங்கிலாந்தில் ஓடும் மைனர்களுக்கான தகடுகளும் பாகங்களும் இலங்கைக் கைகளில் செய்யப்பட்டு அங்கே போயின. யோசித்துப் பாருங்கள். அவர்கள் செய்து எங்களுக்கு விற்ற காருக்கு, நாம் பாகம் செய்து அவர்களுக்கு அனுப்பினோம். அதைச் செய்தவர்கள் பொறியியல் பட்டதாரிகள் அல்லர். கராஜ் பாஸ்மார்.

2020 மார்ச்சில் மீண்டும் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். ஐந்து வருடம் இந்த நாட்டின் வாகனங்களை ஓட வைத்தது யார்? அதே கைகள்தான். 2022 இல் கியூஆர் கோட்டைக் காட்டிப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்களில் நாம் இதை நன்றாகவே உணர்ந்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

இனி, வைத்திருப்பவர்கள் என்ற முறையில் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பதிவைப் பார்த்து யாரும் மைனர் வாங்க ஓட வேண்டாம்.

எங்களுடையது 948 சீசீ இஞ்சின். லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் கிடைத்தால் சந்தோஷம். ஏசி இல்லை. சீட் பெல்ட் இல்லை. எயார் பேக் என்ற பேச்சே இல்லை. பிரேக்கை இன்றைய கார் மாதிரி நினைத்து மிதிக்கக் கூடாது, கொஞ்சம் முந்தியே யோசிக்க வேண்டும். பிரேக் ஒயில் ஊற்றும் இடம் சாரதியின் காலுக்குக் கீழே, விரிப்பை உரித்துத் திறக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் இறங்கிப் போய் ஸ்பானரால் பம்பை இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். உலகம் முழுக்க மைனர் வைத்திருப்பவர்கள் செய்வது இதைத்தான்.

முன் சில்லுகளின் கீழ் மூட்டுக்கு ஒழுங்காகக் கிரீஸ் அடிக்க வேண்டும். யுத்தம் முடிந்த பின் ஒரு வருடம் நாங்கள் அதில் அசட்டையாக இருந்தோம். ஆரையம்பதிப் பக்கம் மெதுவாகத் திரும்பும்போது ஒரு சில்லு உள்ளுக்குள் மடிந்து கார் முழங்காலிட்டு உட்கார்ந்தது. மெதுவாகப் போனதால் அல்ஹம்துலில்லாஹ் யாருக்கும் ஒன்றுமில்லை. பிழை எங்களுடையது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் கைக்குச் சொன்னபடி கேட்கும். பொனட்டைத் திறந்தால் உள்ளே கை விட இடமிருக்கும். எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று தெரியும், தெரிந்தால் திருத்தலாம். வாப்பா சொல்லுவார்: "இந்தக் கார் நம்மளுக்கு ஒன்டையும் மறைக்கல்ல."

கதைக்குத் திரும்புகிறோம். அந்த இருவரையும் அஸருக்குப் பிறகு பாஸிடம் கூட்டிப்போனோம். பாஸுக்கு அறுபத்தைந்து தாண்டிவிட்டது. யுத்த காலத்தில் ரயிலும் வாகனமும் ஒரே பாலத்தில் போன மன்னம்பிட்டியைக் கடந்து, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி ஏறி, கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு பையில் சாமான் கொண்டுவந்து எங்கள் கார் போன்றவற்றை ஓட வைத்தவர். வந்தவர்கள் அவரிடம் பேசிய மரியாதையைப் பார்க்க வேண்டும். எங்களைக் கூட அவர்கள் அப்படிக் கூப்பிடவில்லை. கொழும்புக்கு வந்து மூன்று கார் செய்து தர முடியுமா என்று கேட்டார்கள். பாஸ் சிரித்தார்.

"கண்ணு தெரியாது மகன். நமக்குப் பொறகு இந்த வேலைக்கு ஆளும் இல்ல."

அப்போதுதான் எங்கள் மைனரின் பொனட்டுக்குப் பின்னால் யாரோ குனிந்து ஒளிவதைக் கண்டோம். எங்கள் தரம் 10 மாணவன்.

ஏன் ஒளிந்தான் என்று எங்களுக்குத் தெரியும். அதற்கு மூன்று வாரம் முந்தி தசமப் பரீட்சைத் தாளை வெறுமையாகத் தந்தவன் அவன். முழு வகுப்புக்கும் கேட்க நாங்கள் சொன்னோம்: "இப்பிடியே போனா நீ கராஜுக்குத்தான் போவாய்." வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றைக்கு அது எங்களுக்குப் பெரிதாகப் படவில்லை. நாங்களும் இதே ஏச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே.

பாஸ் அவனைக் கூப்பிட்டார். "சேருக்குப் பயப்படாதே, பொயின்ட்டப் பாரு." அவன் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகடுகளை எடுத்து, டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, ஒரு தகட்டைச் செருகிப் பார்த்து, திருகாணியை மயிரிழை திருப்பினான். எவ்வளவு இடைவெளி என்று கேட்டோம்.

"பதினஞ்சு சேர். அங்குலத்தில ஆயிரத்தில பதினஞ்சு."

தகட்டில் அங்குலம் இல்லையே, மில்லிமீற்றர்தானே இருக்கிறது என்றோம்.

"பாஸ்ட பழைய கேஜ்தான் அங்குலம் சேர். இது புதுசு. பதினஞ்ச இருபத்தஞ்சு தசம் நாலால பெருக்கி ஆயிரத்தால பிரிச்சா தசம் மூணு எட்டு."

0.381. தசம் தெரியாதவன் என்று நாங்கள் எழுதிவைத்த பிள்ளை.

அவனுக்குத் தசம் தெரியும். எங்கள் தாளில் இருந்த தசம் எதற்கு என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியது எங்கள் வேலை. அந்த வேலையைச் செய்யாமல், அவனுக்கு உண்மையில் கணிதம் சொல்லிக் கொடுத்த இடத்தின் பெயரையே ஏச்சாக்கி அவனுக்குக் கொடுத்தோம்.

உறவுகளே, நாம் எல்லோரும் சேர்ந்து செய்த பிழை இது. ஆசிரியர்கள் "கராஜுக்குப் போவாய்" என்கிறோம். பெற்றோர் "படிக்காட்டி ஆட்டோ ஓட்டு" என்கிறார்கள். பெண் பார்க்கப் போனால் "மாப்பிள்ளை என்ன, கராஜா?" என்று குரலைத் தாழ்த்துகிறோம். அதே வாயால், கார் நடுவழியில் நின்றால் "பாஸ், கொஞ்சம் வாங்களேன்" என்று கெஞ்சுகிறோம். லீசிங்கில் கார் எடுத்து மாதாமாதம் கட்டிக்கொண்டிருப்பவருக்கு ஊரில் மரியாதை. அந்தக் காரை ஓட வைப்பவரின் மகன், வாப்பாவின் தொழிலைச் சொல்ல வகுப்பில் வெட்கப்படுகிறான். பாஸின் சொந்தப் பிள்ளைகளே இந்த வேலைக்கு வரவில்லை. ஏன் வருவார்கள்?

சிலர் கேட்பீர்கள்: அப்படியென்றால் படிப்பை விட்டுவிட்டுக் கராஜுக்குப் போகச் சொல்கிறீர்களா? இல்லை. பதினாறு வயது வரை பாடசாலை என்பது இந்த நாட்டின் சட்டம். அது நல்ல சட்டம். பிள்ளையைக் குறைந்த கூலிக்கு ஒயில் சட்டையோடு நிறுத்துவதை நாங்கள் ஒருநாளும் ஆதரிக்க மாட்டோம். கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் செய்யவிடும் கராஜ்களையும் பார்த்திருக்கிறோம். அதுவும் மாற வேண்டும்.

இன்னும் சிலர் சொல்வீர்கள்: இனி வருவது ஹைபிரிட், மின்சாரக் கார். சுத்தியல் பாஸ்மாருக்கு வேலை இல்லை. சரி, ஆனால் அந்தக் காரையும் யாரோ திருத்தத்தானே வேண்டும்? அதற்கு இன்னும் கூடுதலான படிப்பு வேண்டும். கராஜைத் தோற்றவர்களின் இடமாக நாம் வைத்திருந்தால், கெட்டிக்காரப் பிள்ளை அங்கே போகவே மாட்டான். பிறகு ஒவ்வொரு பற்றரிப் பிரச்சினைக்கும் கொழும்புக்கு வாகனத்தை ஏற்றி அனுப்பிக்கொண்டிருப்போம்.

வழிகள் இல்லாமல் இல்லை. தேசிய தொழில் தகைமை என்ற என்.வி.கியூ. சான்றிதழ் இருக்கிறது. வருடக்கணக்காக வேலை செய்த அனுபவத்தைச் சோதித்தே அந்தச் சான்றிதழ் தரும் ஏற்பாடும் இருக்கிறது. எங்கள் ஊர் பாஸ்மாரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? படிவம் நிரப்பத் தெரியாததால் போகாதவர்களும் இருப்பார்கள். படிவம் நிரப்புவது ஆசிரியர்களாகிய எங்களுக்குப் பெரிய வேலையா? 2017 இல் 42 பாடசாலைகளில் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரப் பெறுபேறு எப்படி இருந்தாலும் தொழிற்பாடங்களோடு தொடர்ந்து படிக்கலாம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்? ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையில், ஒரு பாஸைக் கூப்பிட்டு ஒரு நாளாவது உட்கார வைத்திருக்கிறோமா?

எங்களளவில் மூன்று காரியம் முடிவு செய்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பாஸின் படிவத்தை நாங்களே நிரப்பிக் கொடுப்போம். அடுத்த தவணையில் தசமப் பாடத்துக்கு மைனரை மைதானத்துக்குக் கொண்டுபோய், பொயின்ட் இடைவெளியை ஒவ்வொரு பிள்ளையையும் அளக்க வைப்போம். அந்த மாணவன்தான் அன்றைக்கு அளந்து காட்டுவான். மூன்றாவது முடிந்துவிட்டது. எந்த வகுப்பில் அவனை ஏசினோமோ அதே வகுப்பில், எல்லோருக்கும் கேட்க, அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். யாரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காரை விற்பதா இல்லையா என்பது வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. தங்கச்சியின் வீட்டுக்குக் கூரை போட வேண்டும், அதை மறைக்க என்ன இருக்கிறது. விற்றாலும் விற்போம். ஆனால் மைதானத்துப் பாடம் முடிந்த பிறகுதான் சாவியைக் கொடுப்போம் என்று வாப்பாவே சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டு வாகனத்தை ஓட வைக்கும் பாஸின் பெயர் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்றிரவு சாப்பாட்டில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.